துப்பாக்கி காவலாகாது, கணக்கே காவல்!

2022-ஆம் ஆண்டு யூன் மாதம் 18-ஆந் திகதி, சனிக்கிழமை இரவு. இடம் எங்கள் வட்டக்கச்சிக்கு அயலிலுள்ள விசுவமடு. எரிபொருள் நிரப்பு நிலையத்தின் முன் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். நெடுநேரம் காத்து நின்றவர்களுக்குப் “பெற்றோல் முடிந்துவிட்டது” என்ற சொல்லே கிடைக்கிறது. வாக்குவாதம் எழுகிறது, கைகலப்பாகிறது. இருபது முப்பது பேர் கல்லெறிந்து தமது வண்டியைச் சேதப்படுத்தினர் என்பது இராணுவத்தினர் கூற்று. முடிவில் துப்பாக்கி வெடிக்கிறது. பொதுமக்கள் நால்வரும் படையினர் மூவரும் காயமடைகின்றனர். எரிபொருட் பஞ்சத்தையொட்டிய குழப்பத்தை அடக்க இராணுவம் சுட்டது அதுவே முதற்றடவை என்று அந்நாளில் பொலிசாரே தெரிவித்தனர்.

முதற்கல்லை எறிந்தவர் யார், முதற்குண்டைச் சுட்டவர் யார் என்ற வழக்கை இங்கே நான் விசாரிக்க வரவில்லை. வழக்கறிஞன் என்ற முறையில், இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பதை அறிவேன். என் கேள்வி வேறொன்று. பெற்றோல் நிலையத்திலே தீக்குச்சி உரசாதே என்று சிவப்பெழுத்திற் பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். சுருட்டுப் பற்றவைக்கும் கிழவனை அதட்டி விரட்டுகிறோம். தீக்குச்சிக்கு இடமில்லாத முற்றத்திலே துப்பாக்கிக்கு இடம் கொடுத்தவர் யார்? எந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தார்? அந்தக் கணக்கை எழுதி வைத்த தாள் எங்கே?

தாள் இருந்தால் காட்டட்டும். வன்னி மக்களாகிய நாம் அதை வாசிக்க ஆவலாயிருக்கிறோம்.

காவல் நின்றது எதற்கு?

2022 மார்ச் மாதத்தில் நாடெங்கும் எரிபொருள் நிலையங்களுக்குப் படையினர் அனுப்பப்பட்டனர். வரிசையில் நின்ற முதியோர் வெயிலிற் சுருண்டு விழுந்து இறந்த செய்திகள் வந்த நாட்கள் அவை. வெயிலில் விழுகிறவனுக்கு வேண்டியது நிழலும் நீரும். எத்தனை பேருக்கு எண்ணெய் உண்டு, எத்தனையாம் இலக்கத்துக்குப் பின்னுள்ளவர் வீடு செல்லலாம் என்ற நேர்மையான அறிவித்தலும் வேண்டும். அவை வரவில்லை; சீருடை வந்தது.

ஏப்பிரல் 19-ஆந் திகதி இறம்புக்கனையில் பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பவுசருக்குத் தீ வைக்க முயன்றார்கள் என்பதே பொலிசார் எடுத்துரைத்த நியாயம். அந்த நியாயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பாருங்கள்! பவுசர் தீப்பற்றிவிடும் என்று அஞ்சியவர்கள், அந்தச் சூழலிலேயே குண்டைச் செலுத்தத் துணிந்தார்கள். தீயை அஞ்சுகிறவன் செய்யும் வேலையா இது?

இறம்புக்கனையிற் சுடப்பட்டவர்கள் சிங்கள மக்கள். விசுவமடுவிற் சுடப்பட்டவர்கள் தமிழ் மக்கள். மொழி வேறு, ஊர் வேறு, பிழை ஒன்றே. அந்தப் பிழை யாதெனில், எரிபொருள் நிலையத்தின் ஆபத்து எது என்று கேட்டபோது “வரிசையில் நிற்கும் மக்களே” என்று அரசு விடை எழுதியது. விடை பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். வன்னியில் இந்தப் பிழை இன்னும் ஆழமானது. இங்கே படைமுகாமும் காவலரணும் ஊரோடு ஊராக இருக்கின்றன. எந்தச் சிக்கலுக்கும் படையினரை அழைப்பது ஆள்வோருக்கு எளிதாகிவிட்டது. எளிதானதே முறை என்றாகிவிட்டது.

உண்மையான எதிரி

ஆபத்து எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியும் பெற்றோலில் அன்று; கண்ணுக்குத் தெரியாத அதன் ஆவியில் இருக்கிறது. பூச்சியத்திற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது பாகை செல்சியஸ் குளிரிலும் பெற்றோல் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் வன்னி வெயிலில் அது எவ்வளவு விடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அந்த ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. புகையைப்போல மேலே போகாது. வாய்க்கால் நீர் போலத் தாழ்வை நாடி ஓடும். வடிகாலில் இறங்கும், குழியிலே தங்கும், அயல் வீட்டுக் கிணற்றடியையும் எட்டும். நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை அது கலந்திருந்தால், ஒரு சிறு பொறி போதும்.

பெற்றோல் முடிந்த தாங்கியை வெறுந்தாங்கி என்று நாம் சொல்கிறோம். அது வெறுந்தாங்கியன்று. எண்ணெய் இறங்க இறங்கக் காற்று உள்ளே புகுகிறது; ஆவியோடு கலக்கிறது. நிறைந்த தாங்கியிலும் பார்க்கத் தீர்ந்த தாங்கி கொடியதாக இருக்கக்கூடும். “முடிந்துவிட்டது” என்று அறிவித்த அந்த இரவிலே விசுவமடுவில் துப்பாக்கி வெடித்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

பவுசர் வந்து எண்ணெய் இறக்கும் வேளையே நாளின் மிக ஆபத்தான வேளை. 6,600 லீற்றர் பெற்றோல் நிலத்தடித் தாங்கிக்குள் இறங்கினால், ஏறத்தாழ அதே கனவளவு ஆவி தாங்கியிலிருந்து வெளியே தள்ளப்படும். அது காற்றுக் குழாய் வழியே உயரத்திற் போக வேண்டும். மூடி திறந்த வாயால் நிலமட்டத்திற் பரவலாகாது. குழாயில் எண்ணெய் ஓடும்போது நிலைமின்னேற்றம் பிறக்கும். அதனைப் பூமிக்குள் இறக்க, பவுசருக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு செப்புக் கம்பியும் பிடியும் வேண்டும். ஒரு கம்பி! கம்பி இணைத்த பின்னரே குழாய் இணைக்க வேண்டும்; குழாய் கழற்றிய பின்னரே கம்பி கழற்ற வேண்டும். அந்த நேரம் முழுவதும் அயலில் விற்பனை நிற்க வேண்டும். தீயணைக்கும் கருவியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் சாத்திரம். இதற்குப் பீரங்கி வேண்டியதில்லை.

வெள்ளத்தையும் எண்ணுங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கியதை மறந்தவர் யாருமில்லை. நிலத்திலே புதைத்த 20,000 லீற்றர்த் தாங்கி, நீரூறிய மண்ணில் வெறுமையாக இருந்தால், ஏறக்குறைய 20 தொன் விசையால் மேலே தள்ளப்படும். கொங்கிறீற்றில் இறுக்கிக் கட்டாத தாங்கி மிதந்து எழும், குழாய்கள் முறியும், எண்ணெய் வெள்ளத்தின் மேல் படரும். இது கற்பனையன்று. 2015 யூன் 3-ஆந் திகதி, கானா நாட்டின் தலைநகரான அக்ராவில், மழைக்கு ஒதுங்கிய மக்கள் ஒரு பெற்றோல் நிலையத்தின் கூரையின் கீழ்த் திரண்டு நின்றார்கள். வெள்ளத்திற் கசிந்து படர்ந்த எரிபொருளைத் தீ தொட்டது. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழைக்கு ஒதுங்கப் பெற்றோல் நிலையத்தின் கூரையை நாடுவது நமக்கும் வழக்கந்தானே?

நான் கண்ட காட்சி

வன்னியில் ஒரு நிலையம். பெயர் வேண்டாம், ஒரு நிலையத்தின் குற்றமாக இதனைச் சுருக்க நான் விரும்பவில்லை. அறுவடைக் காலம். வெட்டு இயந்திரங்கள் வயலில் நிற்கின்றன. டீசலுக்கு ஆள் அலைகிறது. பவுசர் வந்து எண்ணெய் இறக்குகிறது. நிலக்கம்பி பவுசரின் பக்கத்திற் சுருண்டபடியே கிடக்கிறது. பத்தடி தள்ளி விற்பனை நடக்கிறது. லான்ட் மாஸ்டர் ஒன்று இயந்திரம் ஓடியபடியே எண்ணெய் வாங்குகிறது. ஒரு சிறுவன் சோடாப் போத்தலில் பெற்றோல் ஏந்தி நிற்கிறான். தீயணைக்கும் கருவி இருந்தது. அதன் மேல் யாரோ தலைக்கவசத்தைக் கொழுவியிருந்தார். மணல் வாளி இருந்தது. அதில் வெற்றிலைத் துப்பலும் பீடித்துண்டும் இருந்தன.

பம்படியில் நின்றவள் இருபது வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை. “தங்கச்சி, தீப்பிடித்தால் முதலிலே எதை நிற்பாட்டுவீர்கள்?” என்று கேட்டேன். “முதலாளிக்குப் போன் எடுப்பம், ஐயா,” என்றாள்.

அந்தப் பிள்ளையில் நான் குற்றங் காணவில்லை. அவளுக்கு அவசர நிறுத்தி எங்கே இருக்கிறதென்று எவரும் காட்டவில்லை. நாள் முழுவதும் அவள் சுவாசிக்கும் ஆவியில் பென்சீன் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்திய பொருள். அவளுக்கு அதையும் எவரும் சொல்லவில்லை. நாளை அங்கே தீ மூண்டால், விசாரணையில் “ஊழியரின் கவனயீனம்” என்று ஒரு வரி எழுதப்படும். அந்த வரியை எழுதப் போகிறவர்களை இன்றே எச்சரிக்கிறேன்: கற்பிக்காதவன் குற்றத்தைக் கற்காதவள் தலையிற் சுமத்துவதை நாம் ஏற்கமாட்டோம்.

சட்டம் இல்லையா?

உண்டு. ஏராளமாக உண்டு. 1961-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்த எண்ணெய் வணிகம் மக்களின் உடைமையாக வேண்டும் என்பது அன்று கூறப்பட்ட நோக்கம். 2003-இல் இந்தியக் கம்பனி வந்தது. 2023-இல் சீனக் கம்பனி வந்தது. பெயர்ப்பலகைகள் மாறின, நிறங்கள் மாறின, கூரையில் விளக்குகள் மாறின. நிலத்தடித் தாங்கி மாறியதா? அது கசிகிறதா என்று அழுத்தம் பார்த்த நாள் எது? போருக்குப் பின் வன்னியிற் புதைக்கப்பட்ட தாங்கிகளில் முந்தியவை பதினைந்து ஆண்டைத் தாண்டிவிட்டன. இரும்புக்கும் முதுமை உண்டு.

1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின் கீழ், 2008 சனவரியில் வெளியான வர்த்தமானி, வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் யாவும் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என வகுத்தது. அந்தப் பத்திரத்தை வழங்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களிடம் வைத்தது. ஆகவே, பேனாவும் முத்திரையும் கொழும்பிலன்று, நம் பிரதேச சபையின் மேசையிற் கிடந்தன. அந்தப் பேனா எத்தனை முறை நிலையத்தைப் போய்ப் பார்த்து எழுதியது? எத்தனை முறை மேசையில் இருந்தபடியே எழுதியது? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6-ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை, ஈராண்டுக்கு மேலாக மக்கள் தெரிந்த சபையே இருக்கவில்லை. அந்த ஈராண்டையும் சாட்டாகச் சொல்ல இன்று இடமில்லை. சபை வந்துவிட்டது; கடமையும் வந்துவிட்டது.

சட்டம் ஏட்டிலே மட்டும் உறங்குவதில்லை. தட்டி எழுப்பினால் எழும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. ரவீந்திர காரியவசம் என்பவர் 2015-இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கிட்டார். 2019 ஏப்பிரல் 4-ஆந் திகதி தீர்ப்பு வந்தது. மின்னுற்பத்தி நடத்திய நொதேர்ண் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே பணஞ் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை அது நிலைநாட்டியது. காவல் நிற்கவேண்டிய அரச அதிகாரசபைகளின் கடமை தவறலையும் அது விடவில்லை.

தீர்ப்பைப் போற்றுகிறேன். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: தீர்ப்பு வந்தது கிணறு கெட்ட பின்னர். கெட்ட கிணற்றைத் தீர்ப்பினால் இறைக்க முடியாது. வன்னியில் நாம் குடிப்பதும் கிணறே. தோட்டத்துக்கு இறைப்பதும் கிணறே. நிலையத்தின் தாங்கி நாளொன்றுக்குச் சில லீற்றர் கசிந்தாலும், மண்ணுக்குள் நடப்பதைக் கண் காணாது. அளவுக்கோலும் விற்பனைக் கணக்கும் ஒவ்வொரு நாளும் ஒப்பிடப்பட்டாலே அது பிடிபடும். கணக்கே காவல் என்று நான் தலைப்பிட்டது இதற்காகவே.

“இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே!”

இப்படி ஒரு விடையை அதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறேன், முதலாளிகளிடமும் கேட்டிருக்கிறேன், வருந்தத்தக்க விதமாக நம் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

2016 செப்டெம்பரில் ஓர் இரவு, கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தது. அதற்கு முதல்நாள் வரை அங்கும் “ஒன்றும் நடக்கவில்லை”. அன்று கிளிநொச்சியில் ஒரு தீயணைப்பு வண்டியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வந்து சேருவதற்கிடையில், போரில் எல்லாம் இழந்து மறுபடி கடை போட்டவர்களின் முதல் சாம்பலாயிற்று. சந்தை எரிந்த பின்னரே நகருக்குத் தீயணைப்புப் பிரிவு வந்தது. 2021-இன் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாயின; குழு அமைந்தது; கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே காரணமென்று அது கண்டது. கலவையை மாற்றியவர்கள் மாற்றுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாகாதா?

“ஒன்றும் நடக்கவில்லை” என்பது பாதுகாப்பின் சான்றன்று, நல்லூழின் சான்று. குளக்கட்டில் நண்டுப்பொந்தைக் கண்ட கமக்காரன், “இதுவரை கட்டு உடையவில்லையே” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தானா? மண்வெட்டி எடுத்தான். அவனுக்கு உள்ள அறிவு கூட்டுத்தாபனத்துக்கும் கம்பனிகளுக்கும் இல்லையென்றா நம்புவது?

இன்னொரு விடை, செலவு. நிலக்கம்பிக்கு எவ்வளவு செலவு? மணல் வாளியைத் துப்பரவாக்க எவ்வளவு? பவுசர் இறக்கும் வேளையில் அரைமணி நேரம் கயிறு கட்டி வழி மறிக்க எவ்வளவு? செலவு உள்ள வேலையும் உண்டு: தாங்கிச் சோதனை, வடிகால் பொறி, மின்னிணைப்புத் திருத்தம். அவற்றுக்குக் காலக்கெடு வைத்துச் செய்யலாம். காசில்லாத வேலையையே செய்யாதவர்கள் காசுள்ள வேலையைக் காட்டி அழுவதை நாம் எப்படி நம்புவது?

நாமும் எதிரிக் கூண்டில்

பிறரைக் கூண்டிலேற்றிவிட்டு நாம் வெளியே நிற்பது நேர்மையன்று.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது நம் மக்களின் மதிநுட்பம். அதனைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் காலம் நம் கைக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துப் போயிற்று. எண்ணெயைக் கண்டால் வாங்கு; வாங்கினால் ஒளித்து வை; போத்தலோ, வாளியோ, தண்ணீர்க் கானோ, எது கிடைத்தாலும் அதில் வை என்பதே அப்பழக்கம். தடை நீங்கியது; பழக்கம் நீங்கவில்லை.

2022-இல் நானும் இதைச் செய்தேன். நீதிமன்றத்துக்குப் போக வாகனத்துக்கு எண்ணெய் வேண்டும் என்ற சாட்டில், ஒரு கான் பெற்றோலைக் குசினிக்கு அடுத்த அறையில், கட்டிலின் கீழ் வைத்திருந்தேன். ஒருநாள் மனைவி அடுப்பு மூட்டப் போனவள் நின்று, “மணக்குதே!” என்றாள். மூடி சரியாக இறுகவில்லை. ஒரு தீக்குச்சியின் தூரத்தில் என் குடும்பம் நின்றது. பாரமான ஆவி நிலத்தோடு நகரும் என்று இன்று பக்கம் பக்கமாக எழுதுகிற நான், அன்று அதன் மேலே படுத்துறங்கினேன். படிப்பு என்னைக் காக்கவில்லை. என் மனைவியின் மூக்கு காத்தது.

கமக்காரருக்கும் ஒரு சொல். பெற்றோல் ஊற்றிய அதே புனலால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அந்தக் கலப்பு எண்ணெய் இரவிலே விளக்கை வெடிக்க வைக்கும். கானை வண்டியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். நிலத்தில் வைத்து நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் விரிய இடம் விடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், புறம்பாக, நிழலில், காற்றோட்டமுள்ள கொட்டிலில் வையுங்கள்.

அதே மூச்சில் அரசுக்கும் ஒரு சொல். 2022-இல் கான்களில் எண்ணெய் வழங்கலாகாது என்று கட்டளை போட்டீர்கள். நகரத்துக் கார்க்காரனுக்கு அது பொருந்தும். எங்கள் வயலில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரம் வரிசையில் வந்து நிற்குமா? பின்னர் விலக்குக் கொடுத்தீர்கள். அதற்குச் சிட்டை, சிட்டைக்கு ஒப்பம், ஒப்பத்துக்கு இன்னொரு வரிசை. கமக்காரனுக்குக் கான் தவிர்க்கமுடியாதது என்றால், தரமான, மூடி இறுகும், எரிபொருளுக்கென்றே செய்த கானை மானிய விலையில் கமநல சேவை நிலையத்தின் மூலம் கொடுப்பதல்லவா ஆட்சி? தடுப்பது எளிது, வழி செய்வதே அரசு.

கமக்காரனின் முறை

ஆபத்தை அளப்பதென்பது மேனாட்டு மந்திரமன்று. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நாம் கூட்டம் கூடுகிறோம். குளத்தில் எத்தனை அடி நீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்கால் துப்பரவாக்க வேண்டும், யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று பேசி எழுதுகிறோம். எழுதியதை எல்லோரும் அறிவர். தவறியவனைச் சபையிலே கேட்பர். எரிபொருள் நிலையத்துக்கும் இதே முறைதான். என்ன தீமை நேரலாம்? யாருக்கு நேரும்? எவ்வளவு எளிதில் நேரும்? நேர்ந்தால் எவ்வளவு பெரிது? இன்று என்ன தடுப்பு உண்டு? நாளை என்ன வேண்டும்? யார் செய்வது? எப்போது? இந்த எட்டுக் கேள்விக்கு விடை எழுதிய ஒரு தாளே ஆபத்துக் கணிப்பு.

அந்தத் தாள் இராணுவ முகாமில் எழுதப்படலாகாது. கம்பனியின் அலமாரியிலும் பூட்டப்படலாகாது. மக்கள் கண்முன் இருக்க வேண்டும். ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: கரைச்சிப் பிரதேச சபை தன் எல்லையிலுள்ள ஒவ்வோர் எரிபொருள் நிலையத்தையும், தீயணைப்புப் பிரிவையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையையும் உடனழைத்து, ஆண்டுக்கொரு முறை, மாரிக்கு முன்னர், நேரிற் சென்று கணிப்பிட வேண்டும்.

இரண்டு: அக்கணிப்பின் சுருக்கமும், அனுமதிப்பத்திரம் முடியும் திகதியும், தாங்கி கடைசியாகச் சோதிக்கப்பட்ட நாளும் நிலையத்தின் வாயிலில், தமிழிற் பெரிய எழுத்தில் தொங்க வேண்டும்.

மூன்று: நிலக்கம்பி இணைக்காமல், விற்பனை நிறுத்தாமல், எந்தப் பவுசரும் எண்ணெய் இறக்கலாகாது. மீறும் நிலையத்தின் பத்திரம் இடைநிறுத்தப்பட வேண்டும்.

நான்கு: ஊழியர் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். அவசர நிறுத்தியையும் தீயணைக்கும் கருவியையும் கையாளத் தெரியாத ஒருவரும் பம்படியில் தனியே விடப்படலாகாது.

ஐந்து: புதிய நிலையங்களுக்கு இடம் கொடுக்குமுன் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் அளக்கப்பட வேண்டும். இந்தியாவின் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020 சனவரியில் 50 மீற்றர் என்று வகுத்தது. இடநெருக்கடி உள்ளவிடத்து மேலதிகப் பாதுகாப்போடு குறைக்கலாம், எனினும் 30 மீற்றருக்குக் குறையலாகாது என்றது. நம் பிள்ளைகளின் தோல் அதைவிட எரியாத தோலா?

ஆறு: தட்டுப்பாட்டுக் காலத்துக்கான வரிசைத் திட்டம் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இலக்கச் சீட்டு, நிழல், நீர், முதியோருக்கும் நோயாளருக்கும் தனிவழி, இருப்பு அறிவித்தல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒழுங்கு காக்கக் கூட்டுறவாளரும் கிராம அலுவலரும், வேண்டின் ஆயுதமற்ற பொலிசாரும் போதும். எரிபொருள் நிலையத்தின் முற்றத்துக்குள் துப்பாக்கி ஏந்தியவர் எவரும் நுழையலாகாது.

கையில் உள்ள கருவிகள்

“கேட்டால் தருவார்களா?” என்று கேட்பீர்கள். கேட்க வழியுண்டு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தக் குடிமகனும் பிரதேச சபையிடமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் நிலையமொன்றின் பத்திரத்தையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்கலாம். வேலை நாள் 14-இனுள் முடிவு தெரிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98-ஆம் பிரிவு, பொதுத்தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நிலையங்களைப் பொறுத்தவரை, அங்கத்தவரான கமக்காரரே உடைமையாளர். பொதுச்சபைக் கூட்டத்திற் கையுயர்த்தி ஒரு கேள்வி கேட்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. இலாபப் பங்கை மட்டும் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துப் போவதைச் சற்றே நிறுத்துவோம்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! உங்கள் அறிவு உத்தியோகத்தோடு முடிந்துவிடுவதன்று. ஊருக்கு நால்வர் சேர்ந்து, மாதமொரு ஞாயிறு, அயலிலுள்ள நிலையத்துக்குப் போங்கள். அந்த எட்டுக் கேள்வியைக் கேளுங்கள், விடையை எழுதுங்கள், பிரதி ஒன்றைச் சபைக்கு அனுப்புங்கள். பம்படியில் நிற்கும் அந்தத் தங்கச்சிக்கு அவசர நிறுத்தி எங்கே என்று காட்டுங்கள். அது ஒரு நிமிட வேலை.

போரிலே தீயைக் கண்டவர்கள் நாம். அந்தத் தீயைத் தடுக்க நம் கையில் வழி இருக்கவில்லை. இந்தத் தீயைத் தடுக்க வழி இருக்கிறது: ஒரு கம்பி, ஒரு வாளி மணல், ஒரு தாள் கணக்கு, கேட்கத் துணிந்த ஒரு வாய். இவ்வளவும் இருந்தும் நாளை ஒரு பிள்ளை எரிந்தால், குற்றம் சுட்டவனோடும் கம்பனியோடும் நின்றுவிடாது. கேளாமல் இருந்த நம் வாசலுக்கும் வரும்.

விசுவமடுவில் அன்றிரவு வெடித்தது துப்பாக்கி மட்டுமே. தாங்கி வெடிக்காமல் விட்டது எவருடைய திறமையாலுமன்று. ஊழ் ஒருமுறை பொறுத்தது. மறுமுறைக்கு ஊழை நம்பியிருப்பதா, கணக்கைக் கேட்பதா? வரும் சபைக் கூட்டத்திலேயே விடை சொல்வோம்!